பல் விழுந்த இடம்

எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் ஹெப்சி அட்டையைப் பார்ப்பதில்லை. நேராக நடுப்பக்கத்துக்குப் போவாள். இரண்டு கட்டைவிரல்களாலும் பக்கங்களை அழுத்தி, முடிந்தமட்டும் விரித்து, மடிப்புக்குள் குனிந்து பார்ப்பாள். நந்தனம் புத்தகக் காட்சியிலும் அப்படித்தான், சிட்லபாக்கம் நூலகத்திலும் அப்படித்தான். ஆறு வருடமாக இந்தப் பழக்கம். கூடவே போகும் அப்பா ஞானையா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"கெணத்துல வுழுந்த வாளியத் தேடுற மாதிரி பாக்குறியேமா. இன்னா கீது உள்ள?"

"ஒண்ணும் இல்லப்பா."

உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியும். கேட்காமல் இருக்க முடியாததால் கேட்பார்.

ஹெப்சி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், மாடி போர்ஷனில் அப்பாவும் அவளும் குடியிருக்கிறார்கள். ஞானையா ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் ஹெப்சி. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழை அவர் லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். அவள் படித்தது பி.காம். குரோம்பேட்டையில் ஒரு அலுவலகத்துக்கு இரண்டு வருடம் போனாள். அங்கிருந்த காகிதங்களின் பின்பக்கமெல்லாம் அணிலும் ஆட்டோவுமாக நிறைந்தபோது நின்றுகொண்டாள். தெருவில் யாராவது, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் ஞானையா, "பி.காம்ங்க" என்பார். கேட்டது அதுவல்ல என்று கேட்டவரும் சொல்ல மாட்டார், அவளும் திருத்த மாட்டாள். இதையெல்லாம் வேலை என்று சொல்லலாமா என்று அவளுக்கே சில நாட்களில் தோன்றும்.

கீழ் வீட்டில் ஜெயகிருஷ்ணன் குடும்பம் இருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் வங்கி வேலை. மகள் மாளவிகாவைப் பள்ளி வேன் மூன்றரை மணிக்கு இறக்கிவிடும், அம்மா வர ஆறு ஆகும். இடையிலுள்ள நேரம் மாளவிகா மாடியில்தான். நான்கு வயதில் வரத் தொடங்கியவள்.

"கொக்கு மாதிரி ஒரு கால்ல நில்லு மாலு."

"எவ்ளோ நேரம்?"

"நான் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும்."

"கொக்குக்கே கால் வலிக்கும்க்கா."

சொல்லிக்கொண்டே நிற்பாள். ஜன்னல் கம்பியில் தொங்குவாள். தரையில் படுத்து நீச்சலடிப்பாள். அந்த முழங்கால்களும் முழங்கைகளும் கதைகளில் வரும் படகுக்காரர் மகனுக்குப் போயின, குயவர் பேத்திக்குப் போயின, மாங்காய் திருடிய இளவரசனுக்கும் போயின. புத்தகம் அச்சாகி வந்ததும் மாளவிகா தரையில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்ப்பாள்.

"இது என் காலு. இது என் கை. தலை யாருதுக்கா?"

"கதையில வர்ற பையனோடது."

"அவனுக்குன்னு கால் கிடையாதா?"

ஹெப்சி சிரித்துவிட்டாள். ஆனால் அன்று மாலை முழுவதும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது. இரண்டு வருடமாக இந்தக் குழந்தையிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து யார் யாருக்கோ கொடுத்திருக்கிறோம், முகத்தை மட்டும் எங்குமே வைக்கவில்லை. மறுநாள் அவளே சொன்னாள்: "அடுத்த புக்ல தலையும் உன்னோடதுதான்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

மாளவிகா அதற்கடுத்த நாளே வகுப்பில் சொல்லிவிட்டாள்.

வேளையும் கூடி வந்தது. பதிப்பகம் ஐந்து கதைகளைச் சேர்த்து ஒரு தடித்த புத்தகம் போட்டது. அதில் ஒரு கதை, ஏரிக்குள் விழுந்துபோன தன் பல்லைத் தேடும் சிறுமியைப் பற்றியது. அதே வாரம்தான் மாளவிகாவுக்கு மேல்வரிசை முன்பல் விழுந்திருந்தது. இரண்டு பக்கம் முழுக்க ஏரி, நடுவில் தண்ணீரைக் குனிந்து பார்த்துச் சிரிக்கும் அந்த முகம். தாடையில் சின்னத் தழும்பு, மேலே ஒரு பல் அளவுக்குக் கறுப்பு இடைவெளி. ஹெப்சியின் கை அதுவரை எத்தனையோ குழந்தைகளை வரைந்திருக்கிறது. தெரிந்த ஒரு குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் ஜெயகிருஷ்ணனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. மே கடைசியில் கிளம்புகிறார்கள். அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று ஹெப்சி மீதிப் படங்களைப் பத்தே நாளில் முடித்தாள். பக்கங்களை அமைக்கும் கிட்டு போன் செய்தான்.

"ஹெப்சிக்கா, அந்த ஏரிப் படத்துல மூஞ்சி கரெக்ட்டா நடுவுல வருது. மடிப்பு பாத்துக்கினீங்களா?"

"பாத்துட்டேன் கிட்டு. அனுப்பிடு, டைம் இல்ல."

பார்க்கவில்லை. அதுவரை அவள் வரைந்ததெல்லாம் நடுவில் பின் அடித்த ஒல்லிப் புத்தகங்கள். நடுப்பக்கம் பாய் மாதிரி விரிந்து கிடக்கும். முதுகில் பசை வைத்து ஒட்டும் தடித்த புத்தகம் அவளுக்கு இதுதான் முதல். கணினித் திரையில் இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகத்தான் தெரிந்தது, அங்கே மடிப்பே கிடையாது.

லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு புத்தகம் வந்துவிட்டது. மாளவிகா அதை மடியில் வைத்து ஏரிப் பக்கத்தைத் திறந்தாள். இடது பக்கம் ஒரு கண், வலது பக்கம் ஒரு கண். மூக்கையும் வாயையும் புத்தகம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என் பல்லு எங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானையா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அதான் வுழுந்துடுச்சேடா கண்ணு."

"விழுந்த பல்லு இல்ல தாத்தா. விழுந்த இடம்."

இழுத்துப் பிடித்து விரித்தாள். முதுகு படக்கென்று விட்டு, ஏரி இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. மாளவிகா அழவில்லை. இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள். பசைக்குள் போன இடம் கிழிந்து அங்கேயே தங்கிவிட்டது. அன்றே ஹெப்சி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடைக்கு ஓடி, அந்தப் படத்தைப் பெரிதாகக் கலரில் அச்செடுத்து வந்தாள். மாளவிகா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா. ஆனா இது பேப்பர். புக் இல்ல."

"திரும்பப் போடும்போது சரி பண்ணிடுறேன் மாலு."

"பிராமிஸ்?"

இந்த முறை ஹெப்சி தலையை மட்டும் அசைத்தாள்.

அந்தப் புத்தகம் திரும்ப அச்சாகவில்லை. கேட்டபோதெல்லாம் பதிப்பகத்தில், முதலில் போட்டதே இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது என்றார்கள். வேறு கதையிலாவது அந்த முகத்தை வைத்துவிடலாம் என்று பார்த்தாள். வந்த கதைகளில் யானை இருந்தது, காகம் இருந்தது, நிலாவுக்குப் போன ஆட்டுக்குட்டி இருந்தது. ஒரே ஒரு கதையில் ஒரு சிறுமிக்குப் பல் விழுந்தது. முதல் படத்தை வரைந்து அனுப்பிய பிறகு, பிராணிகளாக இருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பல் முயலுக்கு விழுந்தது.

இப்போது கீழ் வீட்டில் வேறு ஆட்கள். மூன்றரை மணிக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தால் ஹெப்சியின் கை தானாக நிற்கும். யாரும் படியேறி வர மாட்டார்கள். கொக்கு வரைய வேண்டியிருந்தால் அவளே ஒரு காலில் நின்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். கால் வலிக்கத்தான் செய்கிறது.

போன மாதம் நாக்பூரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பன்னிரண்டு வயதுக் குரல், தமிழில் கொஞ்சம் தடுமாற்றம்.

"அக்கா, பல்லுல கிளிப் போட்டிருக்கேன், அதான் பேச்சு இப்படி இருக்கு. நான் சின்ன வயசுல ஒரு புக்ல வந்திருக்கேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன், யாருமே நம்பல. திரும்பப் போட்டிருப்பீங்கள்ல, அதுல மூஞ்சி தெரியும்ல? ஒண்ணு அனுப்புங்கக்கா."

ஹெப்சி அதை நான்கு முறை கேட்டாள். மறுநாள் தாம்பரத்தில் வழக்கமாகப் போகும் பழைய புத்தகக் கடைக்கு அப்பாவோடு போனாள். அந்தப் புத்தகத்தின் எல்லாப் பிரதிகளையும் ஒரே மாதிரி ஒட்டியிருக்க மாட்டார்கள், எங்கேயாவது பசை சரியாகப் பிடிக்காத ஒன்று இருக்கும் என்பதுதான் ஆறு வருடமாக அவளுடைய நம்பிக்கை. அன்று ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு பள்ளி நூலகத்தின் முத்திரை குத்திய பிரதி. பிள்ளைகள் கைபட்டு ஓரமெல்லாம் சுருண்டு, முதுகு நன்றாகவே தளர்ந்திருந்தது.

ஏரிப் பக்கத்தைத் திறந்து அழுத்தினாள். இரண்டு கண்ணும் வந்தன. மூக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உதட்டின் மேலோரம், அதற்குக் கீழே நூல் அளவுக்கு ஒரு கறுப்பு.

"முதுகு வுட்டுடப் போவுதும்மா," என்றார் கடைக்காரர்.

ஞானையா இந்த முறை எதுவும் கேட்கவில்லை. மகளின் தோளுக்கு மேலாக அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெப்சி விரலை எடுத்தாள். பக்கங்கள் மெல்ல எழுந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நாக்பூருக்கு அவள் இன்னும் பதில் போடவில்லை.