அலை விழுந்த வாகை

ரேகைக்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். கை பார்க்கிறவர் இல்லை, மரம் பார்க்கிறவர். கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். முறிந்த மண்வெட்டிக் காம்பை யாராவது கொண்டுவந்தால் முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். "அறுத்த கட்டை. உடையாம என்ன செய்யும்?" என்பார். ஆரூடம் அதோடு முடிந்தது.

காம்பு, கைத்தடி, ஏணிப்படி என்று பாரம் தாங்கும் எதையும் ரம்பத்தால் அறுத்த கட்டையில் அவர் கடையமாட்டார். கோடாலியால் பிளந்த கட்டைதான் வேண்டும். கோடாலி, நார் போகிற போக்கிலேயே மரத்தைப் பிரிக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே நார் ஓடும். ரம்பத்துக்கு அந்த மரியாதை தெரியாது. நார் சாய்ந்திருந்தாலும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். லேத்தில் சுற்றவிட்டு உளியைக் கொடுத்தால் இரண்டும் ஒரே வழவழப்பாக வந்துவிடும். கண்ணால் பார்த்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிளந்தால் பாதி மரம் விறகுக்குப் போகும். "போகட்டும்" என்பார்.

பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் பதினான்கு படி. சுவரில் மரங்கள் இனம் பிரித்துச் சாத்தியிருக்கும்: காம்புக்குக் கருவேலம், பொம்மைச் சக்கரத்துக்கு மா, இடிக்கிற வேலைக்குப் புளி, வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியதற்குத் தேக்கு. வாசலோரம் ஒரு குட்டை முக்காலி. இருபத்தாறு வருடம் அதில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்து மெழுகு போட்டவர் அவருடைய மனைவி. கணவரின் கண்ணுக்குத் தப்பிய கீறல் அந்த அம்மாவின் விரலுக்குத் தப்பாது.

அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் மனைவிக்கென்று ஒன்றும் கடைந்து கொடுத்ததில்லை. மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் குத்திக்காட்டுவார். "ஊர்ல இருக்கற கைக்கெல்லாம் மாமா காம்பு போடுறாரு. எங்க அக்கா மட்டும் பிளாஸ்டிக் கட்டையில மாவு தேய்க்கறா."

அந்த அம்மா கண் வைத்திருந்தது ஒரே ஒரு பலகையின் மேல். வாகை. பதினோரு வருடமாகப் பரணில் கிடந்தது. கரும்பழுப்பு நிறம், அதன்மேல் காற்றடித்த குளம்போல ஓரத்திலிருந்து ஓரம்வரை அலை. கேட்கும்போதெல்லாம், "நல்ல வேலை ஒண்ணு வரட்டும்" என்று தள்ளிப் போட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஈரப்படியில் வழுக்கி அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துச் சரிசெய்தார்கள். ஒரு வருடம் தடி பிடித்து நடந்தால் நடை திரும்பும், இன்னொரு முறை விழுந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு அலுமினியத் தடி கொடுத்தனுப்பினார்கள். ரேகைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கடைசல்காரன் பொண்டாட்டி அலுமினியத்தைப் பிடிச்சு நடந்தா நான் பட்டறையைப் பூட்டிக்கலாம். கருவேலம் பிளக்கறேன், இரு."

"கருவேலம் வேணாங்க. அது மண்வெட்டிக்குப் போடறது. அந்த வாகையில போடுங்க."

"அது தடிக்கு ஆகாது."

"நான் கேட்டா எதுதான் ஆகியிருக்கு?"

அங்கே அவர் பேசியிருக்க வேண்டும். அலை மரத்தில் நார் நேராக ஓடாது, வளைந்து வளைந்து ஒவ்வொரு வளைவிலும் அறுபட்டு நிற்கும். கோடாலி போட்டால் சிதறும், அறுக்கத்தான் முடியும். தெருவில் போகிறவரை நிறுத்திவைத்துச் சொல்லும் இந்தப் பாடத்தை மனைவியிடம் அவர் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா மறுபடியும் இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிருக்கும்" என்கிறார் இப்போது. பலகையை இறக்கினார். ரம்பத்தை எடுத்தார்.

தடி அழகாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் பத்துப் பேர் அலுமினியத்தோடு தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்க, இந்த அம்மா மட்டும் பழுப்பு அலையை ஊன்றி நடந்தார். பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டாள்: "அம்மா, நடக்கப் பழகினதும் தடியை எனக்குக் குடுத்துட்டுப் போயிடுங்க."

"உங்களுக்கும் இடுப்பு உடையட்டும், போட்டுத் தரச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா. அறையே சிரித்தது. ரேகைக்காரருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமானது.

அங்கேயே மூன்று பேர் அதேபோல் தடி கேட்டார்கள். "அலை மரம் பாரம் தாங்காது, விழுந்துடுவீங்க" என்று மூவரையும் தனியாக அழைத்துக் கண்டித்துவிட்டுக் கருவேலத்தைப் பிளந்து கடைந்து கொடுத்தார். மூன்று தடிகளும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.

ஐந்தாம் மாதம் அந்த அம்மா தனியாகத் தெருமுனைக் கடைவரை போய்வந்தார். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கீழே வந்து முக்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் தடியைத் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, இங்க ஒரு கோடு இருக்கு. நகம் மாட்டுது."

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிடிக்கு ஒரு சாண் கீழே, அலைக்குக் குறுக்கே, அரிசி நீளத்துக்கு ஒரு விரிசல்.

"ரேகைதான். அலை மரம் அப்படித்தான் இருக்கும்" என்றார். கட்டைவிரலில் மெழுகை எடுத்து அழுத்தித் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் கருவேலத்தில் ஒன்று கடைந்து, ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடுவதாகத் திட்டம். லேத்தில் மாடிக் கைப்பிடிக்கான தேக்குக் கால்கள் இருபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தன. அளவு மாறிவிடும் என்று நடுவில் நிறுத்த மனம் வரவில்லை. இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று.

பத்தாம் நாள் காலை, கடைக்கு எதிரே நடைபாதையிலிருந்து இறங்க அந்த அம்மா தடியை ஊன்றினார். பென்சில் சீவியதுபோல் சாய்வாக முறிந்தது. விழுந்த வேகத்தில் தகடு பிசகிவிட்டது. மறுபடியும் அறுத்தார்கள். அந்த அம்மா அதன்பின் எழுந்து நிற்கவே இல்லை.

இரண்டு துண்டையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் தம்பிதான். "ஊருக்கே ஆரூடம் சொல்றீங்களே மாமா, இதுக்கும் சொல்லுங்க" என்று நீட்டினார். ரேகைக்காரர் கை நீட்டவில்லை. படுக்கையிலிருந்து அந்த அம்மா பிடித்துண்டை வாங்கினார். முறிவின்மேல் விரலை ஓட்டினார். பாதி தூரம் சொரசொரப்பு. ஓரத்தில் மட்டும் விரல் வழுக்கியது.

"மெழுகு உள்ள இறங்கியிருக்கு" என்றார்.

தம்பிக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கே விரிசல்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கணவரைக் கேட்டார் அந்த அம்மா.

"தெரியும்" என்றார் அவர்.

"என் விரல் சரியாத்தான் சொல்லுச்சு. அதை விட்டுட்டு உங்க வாயை நம்பினேன்."

அதற்குமேல் அந்த அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரேகைக்காரர் சொல்கிறார். வீடு திரும்பிய வாரமே கருவேலத்தில் முதல்தரமான கட்டையைப் பிளந்து ஒரு தடி கடைந்து மேலே கொண்டுபோனார். "நிக்கறவங்க யாருக்காவது குடுங்க" என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது சுவரோரம் அப்படியே நிற்கிறது. வாகைத் துண்டை மட்டும் படுக்கையோரம் வைத்திருக்கிறார். தரையில் அதால் ஒருமுறை தட்டினால் தண்ணீர், இரண்டு முறை என்றால் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டும். லேத் ஓடினால் கேட்காது என்பதால் ஒவ்வொரு கட்டையும் கடைந்து முடிந்ததும் அவர் எந்திரத்தை நிறுத்தி, தலையை நிமிர்த்திக் காது கொடுக்கிறார்.

போன வாரம் கோடாலிக் காம்புக்கு ஒருவர் வந்தார். "பாக்க லட்சணமா, அலை அலையா இருக்கற மரத்துல போட முடியுமா?"

ரேகைக்காரர் உளியைக் கீழே வைத்தார். "அலை மரம் இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

மேலே இரண்டு தட்டு.

பாதியில் விட்டுவிட்டு, கையிலிருந்த தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் படியேறினார். வந்தவர் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.