ஸக்கரியா நானாவும் மணி கட்டிய கிடாவும்

பல்லேபொலயில் மிளகு வாங்கி விற்கும், ஊருக்கே அண்ணன் முறையான ஸக்கரியா நானாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மிளகில் ஒரு கல் கிடந்தால் போதும், கொண்டுவந்தவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார். பக்கத்து வீட்டு ஒஸ்வல்டான நானும் அதற்கு விலக்கில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஆட்டிடம் கொஞ்சுவதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அவரிடம் இரண்டு ஆடுகள். ஒன்று கண் தெரியாத கிழட்டு மறி, பெண் ஆடு. மற்றது, ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுக்க நினைத்து இரண்டு வருடமாக வளர்த்த கிடா. கிடாவின் கழுத்தில் மணி. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறி தோட்டமெல்லாம் மேயும். மறி பின்தங்கினால் கிடா நிற்கும். அது வந்து உரசிய பிறகே நகரும். யாரும் பழக்கவில்லை.

“அறுக்கிற ஆட்டுக்குப் பேர் வெக்கப்படாது, பொறகு மனசு கேக்காது” என்று மனைவி றம்லாவை அதட்டுவார். அவரே அதை “மகன்” என்றுதான் கூப்பிடுவார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஜூலை. நாடெங்கும் கிளர்ச்சியும் கொலையும் ஊரடங்கும். கடைகள் மூடிக் கிடந்தன, பஸ் இல்லை, தெருநாய்களுக்கும் பட்டினி. பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் றம்லா என் மனைவியிடம் சொன்னார்: “அவர் சரியாத் திங்கிறதுமில்ல. கிடா போனா மறி என்னாகும்னு கேட்டா எரிஞ்சு விழுறார். அல்லாஹ்வுக்குன்னு நெனச்சத மாத்த ஏலாதாம்.”

மறுநாள் நண்பகலில் ஆடுகள் அலறின. மனிதர் அலறினாலே கதவைப் பூட்டிக்கொள்ளும் காலம் அது. நானும் பூட்டியவன்தான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நாய்க் குரைப்பும் கேட்டதால் துணிந்து தடியோடு ஓடினேன். நான்கு நாய்கள். மறி வேலி மூலையில் ஒடுங்கி நின்றது. கிடா நினைத்திருந்தால் ஒரே தாவலில் வேலியைத் தாண்டித் தப்பியிருக்கும். அது மறியைத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருந்தது. நானும் நானாவும் விரட்டி முடித்தபோது கிடாவின் இடது காதில் பாதி இல்லை.

நானா உடுத்திருந்த சாரத்து நுனியால் காதைப் பொத்தி, “என்ட மகனே” என்று அழுதார். 

மாலையில் பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். துணைக்கு நானும் போனேன். லெப்பை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இந்தக் கிடாவத்தான் அறுப்பேன்னு வாயால நேர்ச்சை வெச்சீங்களா?”

“இல்ல ஹஸ்ரத். மனசால நெனச்சது மட்டுந்தான்.”

“அப்ப கடமை இல்ல. காது அறுந்தது குர்பானுக்கும் ஆகாது. வீட்டுல வெச்சு வளருங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று நானா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, “காது போனதுக்கு சந்தோஷப்படுற மடையன எங்கயாவது பார்த்திருக்கீங்களா தம்பி?” என்று சீறினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பழைய நானா திரும்பிவிட்டார்.

காயம் ஆறும்வரை கிடா கொட்டகையில் கிடந்தது. மறிக்கு மேயப் போக வழியில்லை. பெருநாள் தொழுகை முடிந்து புதுச் சாரத்தோடு வந்த நானா, கிடாவின் மணியைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு மிளகுக் கொடிகளுக்கிடையே நடந்தார். மறி பின்னால் போனது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். நானா யாரையும் ஏசவில்லை. மறி பின்தங்கியபோது நின்று, அது வந்து காலில் உரசும்வரை காத்திருந்தார்.