எலிக்கு ஆறு மணி நேரம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, செங்கல்பட்டு நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கும்போது அஞ்சலை அம்மாள் போன் செய்தார். "சார், அவரு பூட்டாரு" என்றார். எங்கள் ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகள் எலிகளைப் பராமரித்த அவர் கணவர் தேசிங்கு, மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

புதுப்பட்டினத்து மீனவர். ஆழிப்பேரலையில் தம்பியைப் பறிகொடுத்தபின் கடலுக்குப் போகவே முடியாமல் எங்களிடம் வேலைக்கு வந்தார். எலியை "நைனா" என்று கூப்பிட்டுத்தான் தூக்குவார். அவரை எந்த எலியும் கடித்ததில்லை. என்னைக் கடிக்காத எலி இல்லை.

நான் ஆராய்ந்தது பயத்தின் நினைவை. மணியோசையோடு சிறு மின்னதிர்ச்சி தந்தால், பிறகு ஓசைக்கே எலி உறைந்து நிற்கும். மறுநாள் ஓசையை மட்டும் கேட்கவைத்தால் பழைய நினைவு எழும். எழுந்த நினைவு சில மணி நேரம் இளகிக் கிடக்கும். மூளையில் பயத்தைப் பதிந்துவைக்கும் அமிக்டலா என்ற பகுதியில், நரம்பணுக்கள் இணையும் இடங்களில் சில புரதங்கள் சிதைந்து, புதியவை உருவான பிறகே அது மறுபடி இறுகும். அதற்குள் எது குறுக்கிட்டாலும் நினைவே மாறிவிடலாம். அதனால் ஓசை கேட்ட எலியை ஆறு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவில் பலகையே மாட்டியிருந்தேன்.

விருந்தினர் வரும்போதெல்லாம் தேசிங்கைக் கூப்பிட்டு அந்த அலையைப் பற்றிச் சொல்லச் சொல்வேன். பயம் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியட்டுமே என்று. சொல்வார். அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உடனே கூண்டு கழுவ அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் பலகையைக் காட்டிக் கேட்டார்: "எலி பயந்தா ஆறு மணி நேரம் சும்மா வுடுன்றீங்க. நான் சொல்லி முட்ச்சா கூண்டு கழுவச் சொல்றீங்க. இன்னா ஞாயம் சார் இது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன், படித்த முட்டாள். அடுத்த மாதமும் விருந்தினர் வந்தார்கள், கூப்பிட்டேன்.

சாவு வீட்டில், அலையைப் பற்றி வீட்டில் பேசுவாரா என்று அஞ்சலை அம்மாளிடம் கேட்டேன்.

"வூட்ல ஒருநாளும் வாயத் தொறந்ததில்ல சார். உங்க கிட்ட சொல்லிட்டு வர்ற அன்னிக்கு மட்டும் சோறு துன்ன மாட்டாரு. கடல் பக்கத்து ஜன்னல சாத்திட்டு குந்திகினு இருப்பாரு."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தேசிங்கு சொன்னதெல்லாம் எனக்கு வரி தவறாமல் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. கிளம்பும்போது அந்த ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. காற்று வரட்டும் என்று யாரோ திறக்கப் போனார்கள். வேண்டாம் என்று தடுத்தேன்.

இனி உங்களைக் கூப்பிட மாட்டேன், தேசிங்கு. சும்மா இருங்கள்.