இடது பக்க அலமாரி

என் பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, அடுப்போடு ஒரு கேம்பர் கூண்டு பொருத்தியிருக்கிறேன். ஓய்வுபெற்றதும் மனைவியோடு ஊர் சுற்றத்தான் அதைச் செய்தேன். சில பயணங்களுக்குப் பிறகு, பேரனைப் பார்த்துக்கொள்ள அவள் ஜோகூர் போய்விட்டாள். தனியாகத்தான் சுற்றுகிறேன்.

சில மாதங்களாக வண்டி வலப்புறம் சாய்ந்தது. கனம் தாங்கவில்லை போலும் என்று, சுங்கைப் பட்டாணி ஊரில் ஒரு பட்டறையில் பின் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போடச் சொன்னேன். “மொதல்ல உள்ள என்ன ஏத்திருக்கீங்கனு பார்ப்போம் அண்ணே,” என்றார் பட்டறைக்காரர். “சொன்னதைச் செய் தம்பி,” என்றேன்.

மறுவாரம் பண்டார் பாரு போகும் வழியில், ஒரு வளைவில் கூண்டு வலப்புறம் சாய்ந்து வண்டியையே இழுத்தது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. மயிரிழையில் தப்பினேன்.

நான் பட்டறைக்குத் திரும்பி வந்ததும் பட்டறைக்காரர் கூண்டைத் திறந்து பார்த்தார்.

“ஸ்பிரிங் மேல தப்பில்ல லா அண்ணே. தண்ணித் தொட்டி, கேஸ், பேட்டரி எல்லாம் வலது பக்கம். இடது அலமாரி காலியா கெடக்கு. அக்கா சாமானெல்லாம் எங்க?”

சட்டி, கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அவள் கொண்டுபோயிருந்தாள்.

இப்போது புறப்படுமுன் இரண்டு பக்கக் கனத்தையும் பார்க்கிறேன். இடது அலமாரியில் நான்கு கேன் தண்ணீரைத் தூக்கி வைத்துக் கட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. அவள் பக்கம் இவ்வளவு கனம் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.