டீத்தூள் ஏறினால்

சேலத்தில் எங்கள் குடோன் வாசலில் தொங்கிய அஞ்சு ரூபாய் டீத்தூள் சரம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கடை கடையாகச் சுற்றி லைன் முடித்து வரும் என்னிடம், ஏஜென்சி அக்கா அதைத் தொட்டபடிதான் கேட்பார்: “டீத்தூள் எப்படிப் போச்சு சாமி?” சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் என்று ராசிபுரம், வெண்ணந்தூர்க் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போடும் ஏஜென்சி அவருடையது, ஆர்டர் எடுப்பது என் வேலை. சரக்கு ஓடினால் எந்த முதலாளியும் சிரிப்பார். அக்காவுக்கோ டீத்தூள் ஏறியது என்றாலே முகம் தொங்கிப்போகும்.

காரணம் இருந்தது. அவர் வெண்ணந்தூரில் தறிக்கார வீட்டில் பிறந்தவர். தறி நின்ற நாட்களில் அவருடைய அம்மா, சோற்றுக்குப் பதிலாகப் பாலில்லாத வரட்டீ கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படுக்கவைப்பாராம். “சோப்பு அப்படியே நிக்குது, டீத்தூள் மட்டும் ஏறுதுன்னா ஊர்ல தறி நின்னுபோச்சுன்னு அர்த்தம். கம்பெனிக்கு அது யாவாரம். நமக்கு அது பசிச்ச வவுறு” என்பார். பலமுறை அது அப்படியே நடந்தும் இருக்கிறது. மளிகைப் பையைப் பார்த்தே ஊரின் நாடியைப் பிடித்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் வெண்ணந்தூர்ப் பக்கம் டீத்தூள் மளமளவென்று ஏறியது. சோப்பு அசையவில்லை. பண்டிகைச் சரக்கைக் கூட்டி எடுக்கச் சொல்லி கம்பெனி மேனேஜர் வந்து நின்றார். எடுக்காவிட்டால் அந்த லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அக்கா மசியவில்லை. “பட்டினி கெடக்கற ஊட்டுல வாசனை சோப்பைத் திணிக்கச் சொல்றீங்களா? என்னால ஆகாதுங்க.” அந்த லைன்தான் ஏஜென்சிக்கே சோறு போட்டது.

தீபாவளி வாரத்தில் வெண்ணந்தூர்க் கடைக்காரர் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். “ஏனுங்க, சோப்பு எங்கீங்க? சனம் வந்து வந்து திரும்பிப் போவுது!” தறி நின்றிருக்கிறதே என்று இழுத்தேன். “யாருங்க சொன்னது? தறி ஜோரா ஓடுது. போனஸ் வரட்டும்னுதான் சனம் சோப்பு வாங்காம இருந்துச்சு, இப்ப கைக்கு வந்ததும் எல்லாம் ஒண்ணா வாங்க வருது. கோழிப்பண்ணை வேலைக்கு வடக்கத்திக்காரங்க வந்து எறங்கியிருக்காங்க. டீத்தூள் அவங்க வாங்கறது!”

லைன் கைவிட்டுப் போயிற்று. அதையும் கடைக்காரர் சொன்னதையும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அப்ப தறி நிக்கலையா சாமி?” நிற்கவில்லை என்றேன். “அட, நெசமாவா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிழைப்பில் பாதி போன நாளில் இப்படியும் ஒருத்தி சிரிப்பாளா! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த ஆண்டே ஏஜென்சியை மூடினார்.

நான் இப்போது வேறொரு கம்பெனி ஆபீசில் இருக்கிறேன். எந்த ஊர் வீடுகளில் என்ன வாங்குகிறார்கள் என்பது திரையில் கோடுகளாக ஓடுகிறது. போன வாரக் கூட்டத்தில் வெண்ணந்தூரின் டீத்தூள் கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது. ஊர் செழிக்கிறது என்று கைதட்டினார்கள். நான் வெளியே வந்து அதே கடைக்காரருக்குப் போன் போட்டேன். வடக்கத்திக்காரர்கள் இன்னும் கூடுதலாக வந்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“அவங்க போயி மாசமாச்சுங்க. இது நம்ம சனம் வாங்கறது. தறி நின்னுபோச்சுங்க.”

மகள் வீட்டில் இருக்கும் அக்காவிடம் அன்று மாலையே போய்ச் சொன்னேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே ஆணியில் ஒரு டீத்தூள் சரம் தொங்கியது.

“இந்த வாட்டியும் நான் சொன்னது பொய்யாப் போயிருக்கக் கூடாதா சாமி” என்றார்.