பார்க்காமல் சொன்ன பதில்

மலேசியாவின் ஜாசினில் நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்த புதிது. இரண்டு நாள் முன்பு நான் சரிசெய்து கொடுத்த பழைய கணினியை, லெட்சுமியக்கா பெம்பானிலிருந்து மறுபடியும் பஸ்ஸில் தூக்கி வந்தார். அவர்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டார். பிரிந்துபோன எல்லாக் குடும்பங்களின் புது விலாசமும் அந்தக் கணினியில்தான் இருந்தது.

ஹார்டு டிஸ்க் திரையில் தெரியவேயில்லை. "டிஸ்க் செத்துப் போச்சுக்கா. புதுசு போடணும் லா" என்றேன்.

"தொறந்து பாத்தியா தம்பி?"

கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திறந்தேன். டிஸ்க் நன்றாகச் சுழன்றது. அதை இணைக்கும் கண்ட்ரோலர் கார்டைப் புதிதாக மாற்றிய நான், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட மறந்து, ஓட்டியும் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடதுக்கா."

"சரி லா, போடு. நான் உக்காந்திருக்கேன்."

டிரைவரைப் போட்டதும் பெயர்கள் வரிசையாக வந்தன. அக்கா முகம் மலர்ந்தது. "அடுத்த மாசம் என் மக கல்யாணம். இவங்க எல்லாருக்கும் கார்டு அனுப்பணும். நீயும் வா."

போனேன். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என் அவசரம் இவர்களில் எத்தனை பேரைத் தொலைத்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு நானும் பந்தியில் பரிமாறப் போனேன்.