பினாயில் விழுந்த குளம்

அந்தக் கோடையில் நான் தென்காசிப் பக்கம் சானிட்டரி இன்ஸ்பெக்டர். குற்றாலத்தில் அருவி வற்றி வெறும் பாறை தெரிந்தது. சுற்றுவட்டாரமெங்கும் வாந்திபேதி. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கிருமி செத்துப்போகும் என்று வீடு வீடாகத் தொண்டை வறளக் கத்துவேன். கேட்காதவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

அந்த நேரம் பார்த்தா எங்கள் ஆபீஸ் வண்டி, நான் குடியிருந்த ஊர்க் குளத்தங்கரையில் குடைசாய வேண்டும்! பினாயில் பீப்பாய் உடைந்து பாதி கரையில், பாதி தண்ணீரில். ஊருக்குக் குடிக்க அந்தக் குளம் ஒன்றுதான். சாரல் விழும்வரை அதில் கிடந்த அடித்தண்ணீரை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

"மடையத் தொறந்து விட்டுருவோம். மாடோ பிள்ளையளோ தெரியாமக் குடிச்சிட்டா என்ன செய்ய?" என்றார் ஊர்ப்பெரியவர்.

தண்ணீரில் இருக்கும் கிருமிகளே பினாயிலைத் தின்று தீர்த்துவிடும் என்று பயிற்சியில் கேட்டிருந்தேன். சொன்னேன்.

"நேத்து வர கிருமியக் கொல்லணும்னிய. இன்னைக்கு அதுதான் நம்மளக் காப்பாத்துமாக்கும்?" என்றார் பெரியவர். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் பக்கத்து ஊரில் குடம் குடமாகக் கெஞ்சி வாங்கிச் சமாளித்துக்கொண்டு ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

கரை மண்ணில் ஊறிய பினாயில் ஊரையே நாறடித்தது. அங்கே நின்று குளத்தை மோந்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் பினாயில் பரவாத மூலையில் இரண்டு குடம் தண்ணீர் மொண்டு வந்தேன். ஒன்றை மட்டும் காய்ச்சி, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து இரண்டிலும் ஒரே அளவு பினாயில் விட்டேன். காய்ச்சியதில் கிருமி இராது, வாடை நிற்கும். பச்சைத் தண்ணீரில் வாடை போய்விட்டால் குளம் பிழைத்தது.

தினமும் எழுந்ததும் ஜாடிகளில் மூக்கை நுழைப்பேன். இரண்டும் நாறும். சோறு இறங்கவில்லை. பேச வந்தவர்களிடம் வள்ளென்று விழுந்தேன். தவணை முடிந்த காலையிலும் இரண்டு ஜாடியும் ஒன்றுபோலவே நாறின. போய்ப் பெரியவரிடம், "தொறந்து விட்டுருங்க அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து, "அந்தப் பச்சைத் தண்ணிய வெளிய கொட்டு" என்றேன்.

"பச்சத் தண்ணியா? ரெண்டையும் தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் ஊத்துனேன். பேதி காலத்துல கொதிக்காத தண்ணி இந்த நடையத் தாண்டப்புடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அடப்பாவி மனுஷா! சட்டைகூடப் போடாமல் குளத்துக்கு ஓடினேன். மடைப்பலகையைக் கோடாரியால் பிளந்துதான் திறந்திருந்தார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வறண்ட வாய்க்காலில் பாய்ந்து, போகிற வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்குளம் போயாயிற்று. அடைக்க மண்ணை வாரிப் போட்டேன், அதுவும் கரைந்து போனது.

குனிந்து ஒரு கை அள்ளி மோந்தேன். பிறகு வாயில் ஊற்றினேன்.

"மருந்து வீச்சம் இருக்கா?" என்றார் பெரியவர்.

"இல்ல அண்ணாச்சி. நல்ல தண்ணி."